ஈர்ப்பு விதியை மாற்றினால் பிரபஞ்சம் வேகமெடுக்குமா? எக்செல் தாளில் நீங்களே சோதிக்கும் வழி

“கரும் ஆற்றல் என்று ஒன்று கிடையாது, ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு விதிதான் தப்பு” என்று அவ்வப்போது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். கொஞ்ச நாள் கழித்து அதற்கு நேர் எதிராக இன்னொன்று வரும். கரும் ஆற்றல் என்பது பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்துவதாகக் கருதப்படும், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆற்றல். இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம். வர்க்கமூலம் வரைக்குமான பள்ளிக் கணிதமும் ஒரு எக்செல் தாளும் இருந்தால் போதும். இந்தச் சண்டை எதைப் பற்றியது, எந்த இடத்தில் தீரும் என்று நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் எடுக்கிறேன். சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் கோயில் மண்டபத்திலேயே கொஞ்சப் பேர் உட்கார்ந்து வானியல் பேசுவோம். பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் எழுதப்போகும் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிப்போக வந்த அம்மா அப்பாக்கள், சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா. அந்தத் தாத்தா ஒரு தடவை கேட்டார்: “ஏம்மா, கண்ணுக்குத் தெரியாத ஒண்ணைக் கொண்டாந்து சேக்குறதுக்குப் பதிலா, கணக்கையே திருத்திட்டா என்ன?” மாற்று ஈர்ப்பு என்ற துறை முழுவதும் இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்புகிறது. அவருக்காக மண்டபத்தில் நாங்கள் போட்ட கணக்கையே இங்கே தருகிறேன்.

எதை விளக்க வேண்டும்?

1998இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தன. ஒன்று சால் பெர்ல்மட்டர் நடத்தியது. மற்றதில் பிரையன் ஷ்மிட்டும் ஆடம் ரீஸும் இருந்தார்கள். மூவருக்கும் 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் பார்த்தது ஒன்று-ஏ (Ia) வகை சூப்பர்நோவாக்களை, அதாவது விண்மீன் வெடிப்புகளை. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன் ஒன்று வெடிக்கும்போது கிட்டத்தட்ட ஒரே அளவு ஒளி வருவதால், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்து எவ்வளவு தூரம் என்று சொல்லலாம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது கணக்கிட்ட எல்லை, அதாவது ஒரு வெண்குறு விண்மீன் தாங்கக்கூடிய அதிகபட்ச நிறை, சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு, இந்த வெடிப்புகளைப் புரிந்துகொள்வதில் இன்றைக்கும் நடுநாயகமாக இருக்கிறது. மண்டபத்தில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

தொலைவில் இருந்த சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. விரிவு மெதுவாகிக்கொண்டே வந்திருந்தால் அவை அவ்வளவு தள்ளிப் போயிருக்க முடியாது. ஆக, விரிவு வேகமெடுக்கிறது.

ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் இடப்பக்கம் வெளியும் காலமும் எப்படி வளைகின்றன என்பது. வலப்பக்கம் அதை வளைக்கும் பொருளும் ஆற்றலும். கரும் ஆற்றல் என்றால் வலப்பக்கம் ஒரு புதுச் சரக்கைச் சேர்க்கிறோம். மாற்று ஈர்ப்பு என்றால் இடப்பக்கத்தைத் திருத்துகிறோம். 1917இல் ஐன்ஸ்டைன் கொண்டுவந்த, வெளியெங்கும் எப்போதும் ஒரே அளவில் இருக்கும் அண்டவியல் மாறிலியை எந்தப் பக்கம் எழுதினாலும் கணக்கு மாறாது. அதனால்தான் அதை இரண்டு தரப்பும் அளவுகோலாக வைத்துக்கொள்கின்றன.

தாளைத் திறக்கும் முன் ஒரு எச்சரிக்கை. விண்மீன் மண்டலங்கள் சுழலும் வேகத்தை விளக்க 1983இல் மில்க்ரோம் முன்வைத்த மாண்ட் என்ற கருத்தும் ஈர்ப்பை மாற்றுவதுதான். ஆனால் அது கரும்பொருளுக்கு, அதாவது மண்டலங்களைப் பிடித்து வைத்திருப்பதாகக் கருதப்படும் கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு, மாற்று. பிரபஞ்சம் வேகமெடுப்பதை விளக்க வந்ததில்லை. செய்திகளில் இந்த இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிடுகிறார்கள். நீங்கள் படிக்கும் செய்தி சுழற்சியைப் பற்றியா, விரிவைப் பற்றியா என்று முதல் பத்தியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

தாளைத் திறங்கள்

முதல் நெடுவரிசையில் செம்பெயர்ச்சி, அதாவது பிரபஞ்சம் விரிந்ததால் ஒளியின் அலை எவ்வளவு நீண்டு சிவந்தது என்ற அளவு. 0, 0.1, 0.2 என்று 0.5 வரை ஆறு வரி. செம்பெயர்ச்சி 0.5 என்றால், அந்த ஒளி கிளம்பியதிலிருந்து பிரபஞ்சம் 1.5 மடங்கு நீண்டிருக்கிறது என்று பொருள்.

இரண்டாம் நெடுவரிசையில் அந்தந்தக் காலத்து விரிவு வேகம், இன்றைய வேகத்தை 1 என்று வைத்துக்கொண்டு. செம்பெயர்ச்சியோடு 1 கூட்டுங்கள், வந்ததை மும்மடி ஆக்குங்கள், 0.3ஆல் பெருக்குங்கள், 0.7 கூட்டுங்கள், மொத்தத்துக்கும் வர்க்கமூலம் எடுங்கள். 0.3 என்பது கரும்பொருளையும் சேர்த்துப் பொருளின் பங்கு. 0.7 அண்டவியல் மாறிலியின் பங்கு. முதல் வரியில் 1 வர வேண்டும், கடைசி வரியில் 1.309. வராவிட்டால் அடைப்புக்குறி எங்கேயோ இடம் மாறியிருக்கிறது.

மூன்றாம் நெடுவரிசையில் 1ஐ இரண்டாம் நெடுவரிசையால் வகுங்கள். இனிக் கூட்டல்தான். நடுவில் உள்ள நான்கு வரிகளை முழுதாகவும், முதல் வரியையும் கடைசி வரியையும் பாதிப் பாதியாகவும் கூட்டி, 0.1ஆல் பெருக்குங்கள். 0.441 வரும். தொகையீட்டைப் பட்டையாக வெட்டிக் கூட்டும் பழைய முறை இது. மெட்ரிக் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

இந்த 0.441ஐத் தூரமாக்க, ஒளியின் வேகத்தை இன்றைய விரிவு வேகத்தால் வகுத்துப் பெருக்க வேண்டும். மெகாபார்செக்குக்கு (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) வினாடிக்கு 70 கிலோமீட்டர் என்று வைத்தால் அந்த எண் 4283 மெகாபார்செக். பெருக்கினால் சுமார் 1890 மெகாபார்செக், ஏறக்குறைய 616 கோடி ஒளியாண்டு. 70 என்பது சமரச எண். பெருவெடிப்பின் மிச்சமான பின்னணிக் கதிர்வீச்சை அளந்த பிளாங்க் விண்கலத்தின் 2018 முடிவு 67.4 என்கிறது. சூப்பர்நோவா வழியில் போகும் ரீஸின் குழு 73 அருகே சொல்கிறது. அந்த வழியின் முதல் படிக்கட்டுகளில் ஒன்று பெரிய மெகல்லன் மேகம், நமக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிறு விண்மீன் மண்டலம். நான் வளர்ந்த பாளையங்கோட்டையில் அது தெற்கே தொடுவானத்தை ஒட்டிக் கிடக்கும். இங்கே நல்ல உயரத்தில் நிற்கிறது. லோட்ஷெட்டிங் ராத்திரியில் ஊர் விளக்கெல்லாம் அணைந்தால், மொட்டை மாடியிலிருந்தே பிள்ளைகளுக்குக் காட்டலாம். நாம் செய்யப்போவது ஒப்பீடு மட்டும் என்பதால், 70ஆ 73ஆ என்ற சண்டை இந்தத் தாளைத் தொடாது.

இப்போது 0.3ஐ 1 ஆக்குங்கள், 0.7ஐ 0 ஆக்குங்கள். பொருள் மட்டுமே நிறைந்து, மெதுவாகிக்கொண்டே வரும் பிரபஞ்சம் இது. விடை 0.368. இரண்டையும் வகுத்துப் பாருங்கள், 1.2 வருகிறது. தூரம் 20 சதவீதம் கூடினால் ஒளி 1.2இன் வர்க்கத்தால் குறையும், அதாவது சுமார் 30 சதவீதம் மங்கும். 1998இல் அவர்கள் பிடித்த மங்கல் எந்த அளவிலானது என்று இப்போது உங்களுக்கு ஒரு கை அளவு கிடைத்துவிட்டது.

விரிவு எப்போது வேகமெடுக்க ஆரம்பித்தது என்பதும் ஒரு வரிக் கணக்குதான். பொருளின் அடர்த்தி மாறிலியின் அடர்த்தியைப் போல் இரண்டு மடங்காக இருந்த காலம் அது. 0.7ஐ இரண்டால் பெருக்கி 0.3ஆல் வகுத்து மும்மடி மூலம் எடுங்கள். 1.67 வரும். செம்பெயர்ச்சி 0.67, சுமார் 600 கோடி ஆண்டுகளுக்கு முன்.

ஈர்ப்பைத் திருத்திய பிரபஞ்சம்

தாத்தாவின் கேள்விக்கு வருவோம். கணக்கைத் திருத்தும் வழிகள் ஏராளம். எக்செலில் நேரடியாகப் போடத் தோதாக இருப்பது டிஜிபி. 2000இல் ட்வாலி, கபடாட்சே, பொராட்டி மூவரும் முன்வைத்தது. நாம் இருக்கும் வெளி ஐந்து பரிமாண வெளி ஒன்றுக்குள் ஒரு தாள்போல் இருக்கிறது. கிட்டத்தில் ஈர்ப்பு அந்தத் தாளிலேயே நிற்கிறது. மிகப் பெரிய தொலைவில் வெளியே கசிகிறது. அடுத்த ஆண்டு டெஃபாயே இந்த அமைப்பில் எந்தக் கரும் ஆற்றலும் இல்லாமலே விரிவு வேகமெடுக்கும் என்று காட்டினார். பலருக்கு அது பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது.

இன்னொரு தாளில் இரண்டாம் நெடுவரிசையை மட்டும் மாற்றுங்கள். 1இலிருந்து பொருளின் பங்கான 0.3ஐக் கழித்து இரண்டால் வகுங்கள். 0.35. இதைக் கசிவு எண் என்று வைத்துக்கொள்வோம். செம்பெயர்ச்சியோடு 1 கூட்டியதன் மும்மடியை 0.3ஆல் பெருக்கி, கசிவு எண்ணின் வர்க்கத்தைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, கடைசியில் கசிவு எண்ணை மறுபடி கூட்டுங்கள். முதல் வரியில் 1தான் வர வேண்டும், வரும். மற்றதெல்லாம் முன்போலவே. விடை 0.422.

0.441க்கும் 0.422க்கும் நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் வித்தியாசம். “அப்ப டிஜிபி அவுட்டா மேம்?” என்று ஒரு பெண் கேட்டாள். பொருளின் பங்கை 0.2 ஆக்கச் சொன்னேன். கசிவு எண் 0.4 ஆகிறது. விடை 0.439.

அதோடு விடவில்லை. இரண்டு தாள்களையும் செம்பெயர்ச்சி 1 வரைக்கும் நீட்டினோம். மாறிலி உள்ள தாளில் 0.7715. டிஜிபி தாளில் 0.7713. மண்டபத்தில் சத்தமே இல்லை. நீங்களும் செய்து பாருங்கள், படிப்பதால் மட்டும் அந்த அதிர்ச்சி வராது. ஒன்றில் வெளி முழுக்க நிறைந்த ஒரு ஆற்றல். இன்னொன்றில் ஐந்தாம் பரிமாணத்துக்குள் கசியும் ஈர்ப்பு. சூப்பர்நோவாவின் தூரம் மட்டும் கையில் இருந்தால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. மாதக் கடைசியில் மிச்சமிருக்கும் பணத்தை மட்டும் பார்த்து, சம்பளம் கூடியதா செலவு குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது இல்லையா, அதே நிலைமை.

ஆகவே ஒரு செய்தி “இந்தப் புது ஈர்ப்பு விதி சூப்பர்நோவாத் தரவுகளுடன் அச்சாகப் பொருந்துகிறது” என்று மட்டும் சொன்னால், அது சொன்னது ரொம்பக் கொஞ்சம். விரிவின் வரலாறு எதுவானாலும் அதைத் தரும்படி ஒரு ஈர்ப்பு விதியைத் தைத்துவிடலாம். அந்த விதி வேறு எதைச் சொல்கிறது என்று கேட்க வேண்டும்.

கட்டிகள் எவ்வளவு வேகமாக வளர்கின்றன?

முதல் கேள்வி வளர்ச்சி. பிரபஞ்சம் விரியும்போதே, கொஞ்சம் அடர்த்தி கூடிய இடங்கள் மேலும் பொருளை இழுத்து விண்மீன் மண்டலங்களாகவும் கொத்துகளாகவும் ஆகின்றன. விரிவு இழுத்துப் பிரிக்கிறது, ஈர்ப்பு இழுத்துச் சேர்க்கிறது. ஈர்ப்பு விதியைத் தொட்டால் இந்தப் போட்டி மாறியே தீரும். பிரபஞ்சம் 1 சதவீதம் விரியும்போது அடர்த்தி வித்தியாசம் எத்தனை சதவீதம் வளர்கிறது என்பதற்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு. ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு விதியான பொதுச் சார்பியலில் பொருளின் பங்கை 0.55 அடுக்குக்கு உயர்த்தினால் போதும். டிஜிபியில் அந்த அடுக்கு ஏறக்குறைய 0.68.

போடுங்கள். 0.3ஐ 0.55 அடுக்குக்கு உயர்த்தினால் 0.52. டிஜிபிக்குப் பொருந்தும்படி நாம் குறைத்த 0.2ஐ 0.68 அடுக்குக்கு உயர்த்தினால் 0.33. தூரத்தில் மூன்றாம் இலக்கம் வரை ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பிரபஞ்சங்கள் இங்கே கிடுகிடுவென்று பிரிந்துவிட்டன.

இதை எப்படி அளக்கிறார்கள்? மண்டலங்கள் ஒன்றையொன்று நோக்கி விழும் வேகம் அவற்றின் செம்பெயர்ச்சியில் கலந்துவிடுகிறது. அதனால் செம்பெயர்ச்சியை வைத்து வரையும் முப்பரிமாண வரைபடம் நம் பார்வைத் திசையில் நசுங்கித் தெரியும். நசுங்கலின் அளவு வளர்ச்சியைச் சொல்லும். அளவீடுகள் பொதுச் சார்பியல் பக்கமே நின்றன. பின்னணிக் கதிர்வீச்சும் 0.2ஐ ஒத்துக்கொள்ளவில்லை. போதாததற்கு, டிஜிபியின் தானாக வேகமெடுக்கும் தீர்வில் எதிர்மறை ஆற்றல் கொண்ட ஒரு அதிர்வு ஒளிந்திருப்பது தெரிந்தது. அப்படிப்பட்ட வெற்றிடம் நிலைத்து நிற்காது. இத்தனைக்கும் பிறகும் டிஜிபி வீண் என்று நான் சொல்ல மாட்டேன். எதைச் சோதிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்த கோட்பாடு அது.

ஒளியும் கேலக்ஸியும் ஒரே ஈர்ப்பை உணர்கின்றனவா?

எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த சோதனை இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சூரியனின் விளிம்பை ஒட்டி வரும் ஒளி எவ்வளவு வளையும்? நியூட்டன் முறையில் கணக்கிட்டால் 0.87 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு). பொதுச் சார்பியலில் அதைப்போல் இரண்டு மடங்கு, 1.75. 1919 மே 29 கிரகணத்தில் பிரேசிலின் சோப்ராலிலும் ஆப்பிரிக்கக் கரையோரத்துப் பிரின்சிபே தீவிலும் எடுத்த படங்கள் இரண்டு மடங்கின் பக்கம் நின்றன. ஏன் இரண்டு மடங்கு? நிறை உள்ள இடத்தில் காலம் மெதுவாகிறது, அது ஒரு பாதி. வெளியும் வளைகிறது, அது மறுபாதி. மெதுவாக நகரும் கோள்களும் கேலக்ஸிகளும் (விண்மீன் மண்டலங்களும்) கிட்டத்தட்ட முதல் பாதியை மட்டும் உணர்கின்றன. ஒளி இரண்டையும் உணர்கிறது. ஐன்ஸ்டைனின் விதியில் இரண்டு பாதிகளும் சமம். ஈர்ப்பை மாற்றும் பெரும்பாலான கோட்பாடுகளில் சமம் இல்லை.

எஃப்-ஆர் என்ற குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் வளைவு நேரடியாக வரும் இடத்தில், வளைவின் ஏதோவொரு சார்பை வைப்பார்கள். அப்படி வைத்ததும் கூடுதலாக ஒரு விசை பிறக்கிறது. கேலக்ஸிகளுக்கு ஈர்ப்பு மூன்றில் ஒரு பங்கு வரை கூடலாம். ஒளிக்கோ ஏறக்குறைய எந்த மாற்றமும் தெரியாது. அப்படியானால் ஒரே கொத்தை இரண்டு விதமாக எடைபோடலாம்: கேலக்ஸிகள் அதில் ஓடும் வேகத்தை வைத்து ஒரு எடை, பின்னால் உள்ள மண்டலங்களின் உருவம் ஈர்ப்பு வில்லையால் (கொத்தின் நிறை ஒளியை வளைப்பதால்) எவ்வளவு கோணுகிறது என்பதை வைத்து இன்னொரு எடை. எடைகள் ஒத்துப்போகவில்லை என்றால் ஈர்ப்பு விதியில்தான் விஷயம். கண்ணுக்குத் தெரியாத சரக்கு எவ்வளவு கொட்டியிருந்தாலும் இரண்டு எடையும் சேர்ந்தே கூடும், அதனால் இந்தச் சோதனை நேராகத் தாத்தாவின் கேள்விக்குப் பதில் சொல்கிறது.

2010இல் ரெயஸும் கூட்டாளிகளும் 70,000க்கு மேற்பட்ட சிவப்புக் கேலக்ஸிகளை வைத்து வில்லை, கொத்தாகச் சேர்தல், வளர்ச்சி மூன்றையும் ஒரே எண்ணாகச் சேர்த்து அளந்தார்கள். செம்பெயர்ச்சி 0.32இல் கிடைத்தது 0.39, ஏறியிறங்க 0.06. பொதுச் சார்பியல் என்ன எதிர்பார்க்கிறது? நம் தாளிலேயே போடலாம். 1.32ஐ மும்மடி ஆக்கி 0.3ஆல் பெருக்குங்கள், 0.69. அதை 0.69ம் 0.7ம் கூட்டியதால் வகுங்கள், அந்தக் காலத்துப் பொருளின் பங்கு 0.496. அதன் 0.55 அடுக்கு 0.68. கடைசியாக 0.3ஐ 0.68ஆல் வகுங்கள், 0.44. அளந்ததன் பிழை வரம்புக்குள் உட்காருகிறது. துல்லியம் போதாது என்பது உண்மைதான். யூக்ளிட் விண்கலம் 2023 ஜூலை 1இல் கிளம்பியதன் காரணங்களில் ஒன்று இதைக் கூர்மையாக்குவது.

பக்கத்தில் ஏன் தெரியவில்லை?

அடுத்த கேள்வி சூரியக் குடும்பம். காசினி விண்கலம் 2002இல் சூரியனுக்கு மறுபுறம் போனபோது அதனோடு பேசிய ரேடியோ அலைகளை வைத்து, மேலே சொன்ன இரண்டு பாதிகளும் லட்சத்தில் சில பங்குக்குள் சமம் என்று கண்டார்கள். பிறகு எந்த மாற்று ஈர்ப்பும் ஒரு மறைப்பு ஏற்பாட்டோடுதான் வர வேண்டியிருக்கிறது. அடர்த்தியான இடத்தில் புது விசை அடங்கிவிட வேண்டும், வெற்று வெளியில் மட்டும் தலைகாட்ட வேண்டும்.

அப்படிப்பட்ட ஏற்பாடுகளில் பெயர்பெற்றது பச்சோந்திப் புலம். 2004இல் அதை முன்வைத்தவர்கள் ஜஸ்டின் கூரியும் அமாண்டா வெல்ட்மனும். வெல்ட்மன் தென்னாப்பிரிக்கர். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். எங்கள் பெண் பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல்வேன். பிரபஞ்சத்தைப் பற்றி உலகமே பேசும் ஒரு கருத்தில் இந்த நாட்டுப் பெண்ணின் பெயர் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். சுற்றியுள்ள அடர்த்தி கூடினால் இந்தப் புலத்தின் வீச்சு சுருங்கும், குறைந்தால் நீளும். 2015இல் பெர்க்லியில் வெற்றிட அறை ஒன்றில் அலுமினிய உருண்டைக்குப் பக்கத்தில் சீசியம் அணுக்களை விழவிட்டு இந்த விசையைத் தேடினார்கள். அது தென்படவில்லை. இந்தக் கோட்பாட்டுக்கு மிச்சமிருந்த இடத்தில் நிறைய அடைபட்டது.

2012இல் ஜுன்பு வாங், லாம் ஹுய் இருவரோடு சேர்ந்து கூரியே ஒரு முடிவை வெளியிட்டார். இப்படி மறைந்துகொள்ளும் புலத்தின் வீச்சு இன்றைய பிரபஞ்சத்தில் அதிகபட்சம் ஒரு மெகாபார்செக் அளவுதான், எனவே அந்த ஈர்ப்பு மாற்றமே விரிவை வேகப்படுத்த முடியாது என்று காட்டினார். தான் பெற்ற கருத்தைத் தானே இப்படி உரசிப் பார்ப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். பச்சோந்தி வகைக் கோட்பாடு எதையாவது வேகமெடுப்புக்குக் காரணமாக யாராவது சொன்னால், வேகம் உண்மையில் ஈர்ப்பு மாற்றத்திலிருந்து வருகிறதா, இல்லை உள்ளே ஒரு மாறிலியை மறைத்து வைத்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். எஃப்-ஆர் கோட்பாடுகளில் நிலைத்து நிற்பவை பெரும்பாலும் இரண்டாவது வகை.

இன்னொரு வலுவான சல்லடை 2017 ஆகஸ்ட் 17. சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதின. ஈர்ப்பலை வந்து 1.7 வினாடி கழித்துக் காமாக் கதிர் வந்தது. தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்தில் இருக்கும் சால்ட் தொலைநோக்கியும் அந்த மோதலின் ஒளியைச் சீக்கிரமே நிறமாலையாகப் பிடித்தது. அத்தனை தூரம் ஓடியும் 1.7 வினாடி என்றால், ஈர்ப்பலையின் வேகமும் ஒளியின் வேகமும் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்குள் சமம். ஈர்ப்பலையின் வேகத்தை மாற்றும் கோட்பாடுகள், கலிலியான் என்ற வகைக் கோட்பாடுகளில் சிக்கலான பலதும் சேர்த்து, ஒரே நாளில் வழக்கொழிந்தன. 2017க்கு முந்தைய கட்டுரையை யாராவது பகிர்ந்தால் இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஏன் இன்னும் விடவில்லை என்றும் சொல்ல வேண்டும். மாறிலி நன்றாகப் பொருந்துகிறது, ஆனால் அதன் அளவு ஏன் இவ்வளவு சிறியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வெற்றிடத்தின் ஆற்றலைக் குவாண்டம் முறையில் எளிய வழியில் மதிப்பிட்டால், 1க்குப் பின் சுமார் 120 சுழியம் போட்ட மடங்கு கூடுதலாக வருகிறது. மாற்று ஈர்ப்பும் இதைத் தீர்ப்பதில்லை. வெற்றிட ஆற்றல் ஏதோ காரணத்தால் சுழியம் என்று வைத்துக்கொண்டுதான் அதுவும் ஆரம்பிக்கிறது. செய்திகளில் இந்த ஒரு வரி விடுபட்டுப் போவது எனக்கு உறுத்தலாகவே இருக்கும்.

இனி வரும் செய்திகளுக்குத் தாளைத் தயார் செய்ய

2024 நவம்பரில், லட்சக்கணக்கான கேலக்ஸிகளின் செம்பெயர்ச்சியை அளக்கும் டெசி கருவியின் குழு முதல் ஆண்டுத் தரவிலிருந்து வளர்ச்சியை அளந்து, பொதுச் சார்பியலோடு ஒத்துப்போகிறது என்றது. 2025 மார்ச்சில் 1.4 கோடிக்கு மேற்பட்ட கேலக்ஸிகளையும் குவாசர்களையும் (மிகப் பிரகாசமான கேலக்ஸி மையங்கள்) வைத்து, கரும் ஆற்றல் காலப்போக்கில் மாறுகிறதோ என்று சந்தேகப்பட இடமிருப்பதாகச் சொன்னது. எந்த சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் வலு 2.8 சிக்மாவிலிருந்து 4.2 சிக்மா வரை மாறுகிறது. சிக்மா எவ்வளவு கூடுகிறதோ, அது தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பு அவ்வளவு குறைவு. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க வழக்கமாக 5 வேண்டும். இதை “ஐன்ஸ்டைன் தோற்றார்” என்று எழுதியவர்கள் அவசரப்பட்டார்கள். மாறுவது விரிவின் வரலாறு. நம் இரண்டு தாள்களும் காட்டியபடி, அதை மட்டும் வைத்து ஈர்ப்பா ஆற்றலா என்று சொல்ல வழியில்லை.

எங்கள் பக்கத்திலிருந்தும் அளவீடுகள் வரும். காரு என்ற வறண்ட நிலப்பகுதியில், கார்னார்வன் அருகே மீர்காட் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 13.5 மீட்டர் அகலத்தில் 64 தட்டுகள். டர்பனில் உள்ள க்வாசூலு-நாட்டால் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தும் ஹைராக்ஸ் திட்டம், காருவில் நிறுவும் 6 மீட்டர்த் தட்டுகளால் ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் அலையைப் பிடித்து, செம்பெயர்ச்சி 0.8 முதல் 2.5 வரையிலான விரிவை அளக்க வகுக்கப்பட்டது. சாட்ஸ்வொர்த்திலிருந்து அந்தப் பல்கலைக்கழகம் காரில் கொஞ்ச நேரம்தான். அங்கே போய்ப் படிக்க வேண்டும் என்று எங்கள் வட்டத்தில் ஒருத்தி தீர்மானித்திருக்கிறாள்.

மாறும் கரும் ஆற்றலுக்கு ஒரு நெடுவரிசை சேர்ப்பது எளிது. முதல் தாளில் 0.7ஐத் தனியாக விடாமல், செம்பெயர்ச்சியோடு 1 கூட்டியதன் ஒரு அடுக்கால் பெருக்குங்கள். அந்த அடுக்கு, கரும் ஆற்றலின் அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தோடு 1 கூட்டி, 3ஆல் பெருக்கியது. விகிதம் மைனஸ் 1 என்றால் அடுக்கு சுழியம், பழைய 0.441 திரும்ப வரும். விகிதத்தை மைனஸ் 0.9 ஆக்கினால் அடுக்கு 0.3, விடை 0.434. தூரத்தில் 1.6 சதவீதம், ஒளியில் சுமார் 3 சதவீதம் வித்தியாசம். இந்த அளவுக்குத்தான் இப்போது சண்டை நடக்கிறது. அடுத்த செய்தியில் வரும் விகிதத்தை இதில் போடுங்கள், பொருளின் பங்கையும் அவர்கள் சொன்னதற்கு மாற்றுங்கள், பிறகு வளர்ச்சியைப் பற்றி அதே கட்டுரை என்ன எண் தருகிறது என்று தேடுங்கள். அந்த எண் அதில் இல்லை என்றால், ஈர்ப்பு விதியைப் பற்றி அந்தக் கட்டுரை இன்னும் எதுவும் சொல்லவில்லை.